துருவப் படங்கள்: எடுப்பதும் செப்பனிடுவதும்

துருவக் கரடியின் படம் வந்து சேராத குடும்ப வட்ஸ்அப் குழு இல்லை எனலாம். உருகும் பனிக்கட்டியின் மேல் தனித்து நிற்கும் கரடி, குட்டிகளை அணைத்தபடி உறங்கும் தாய்க் கரடி, எலும்பும் தோலுமாகத் தள்ளாடி நடக்கும் கரடி என்று அவை சுற்றிச் சுற்றி வருகின்றன. படத்தைப் பார்த்ததும் எமது பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது எடுத்த படமா, செய்த படமா?"

இந்தக் கேள்வி கணினியோடு பிறந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. அந்தக் காலத்தில் துருவப் படங்களால் உலகப் புகழ் பெற்று, படங்களைச் செப்பனிட்டதால் பெரும் சர்ச்சையிலும் சிக்கியவர் ஓர் அவுஸ்திரேலியர். சிட்னியின் கிளீப் பகுதியில் பிறந்த பிராங்க் ஹேர்லி என்பவரே அவர்.

துருவக் கரடி வடதுருவத்துக்கு உரியது. அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள அந்தாட்டிக்காவில் அது கிடையாது. அங்கே வாழ்பவை பென்குயின்களும் கடல்நாய்களும்தான். ஆனாலும் வெண்பனியில் படம் பிடிக்கும் தொழில் இரு துருவங்களிலும் ஒன்றுதான். எடுத்த படத்தை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்ற சிக்கலும் ஒன்றுதான். இக்கட்டுரை முதலில் கரடிப் படங்கள் எங்கே, எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைச் சொல்கிறது. அடுத்து ஹேர்லியின் கதையையும், அதிலிருந்து இன்றைய படங்களையும் எங்கள் வீட்டு அல்பங்களையும் எப்படி அணுகலாம் என்பதையும் பார்க்கிறது.

கரடி வாழும் இடங்கள்

துருவக் கரடிகள் கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, ரஷ்யா, கிரீன்லாந்து, நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் ஆகிய பகுதிகளில் வாழ்கின்றன. உலகில் ஏறத்தாழ 26,000 கரடிகள் இருக்கலாம் என்பது இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் மதிப்பீடு. இவற்றில் பெரும்பகுதி கனடாவில் உள்ளது. கட்டற்ற வேட்டையால் இனம் அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, கரடி வாழும் ஐந்து நாடுகளும் 1973 ஆம் ஆண்டு ஒஸ்லோவில் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே தாளில் ஒப்பமிட்ட அரிய உடன்படிக்கைகளில் அதுவும் ஒன்று.

படம் எடுப்போர் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குச் செல்கின்றனர். ஒன்று கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், ஹட்சன் குடாவின் கரையில் உள்ள சேர்ச்சில் என்ற சிற்றூர். அங்கு செல்லத் தரைவழிச் சாலை இல்லை. ரயிலிலோ விமானத்திலோதான் போகவேண்டும். கோடையில் குடாவின் பனி உருகியதும் கரடிகள் கரைக்கு வருகின்றன. கடல் மீண்டும் உறையும்வரை, அதாவது ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், கரையோரத்தில் காத்து நிற்கின்றன. அந்தச் சில வாரங்களில் உயரமான சக்கரங்கள் பூட்டிய வாகனங்களிலிருந்து அவற்றைப் பார்க்கலாம்.

மற்றையது ஸ்வால்பார்ட். அங்கே பெரும்பாலும் கப்பலிலிருந்துதான் படம் எடுக்கிறார்கள். கரடியைத் துரத்துவதும், உணவு காட்டி அழைப்பதும், தொந்தரவு செய்வதும் அங்கு குற்றமாகும். 2025 ஜனவரி 1 முதல் சட்டம் மேலும் இறுகியது. கரடியிலிருந்து குறைந்தது 300 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். தாய்க் கரடிகள் குட்டிகளோடு வெளிவரும் காலத்தை உள்ளடக்கிய மார்ச் முதல் ஜூன் முடியும்வரை அந்தத் தூரம் 500 மீற்றர்.

இந்தத் தூரக் கணக்கு, படத்தைப் பார்ப்பவருக்கும் பயன்படும். 600 மில்லிமீற்றர் லென்ஸ் பூட்டிய முழுஅளவுக் கமராவில் 300 மீற்றர் தொலைவைப் பார்த்தால், படத்தின் அகலத்தில் 18 மீற்றர் இடம் அடங்கும். இரண்டரை மீற்றர் நீளமான கரடி அதில் ஏழில் ஒரு பங்குதான் வரும். ஆகவே, ஸ்வால்பார்டில் இந்த ஆண்டு எடுத்தது என்று சொல்லப்படும் படத்தில் கரடியின் முகம் மட்டும் சட்டம் முழுவதையும் நிறைத்திருந்தால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை.

பனியில் கமரா படும் பாடு

பனியில் எடுக்கும் படம் முதலில் சாம்பல் நிறமாகத்தான் வரும். கமராவின் ஒளிமானி, தனக்கு முன்னால் உள்ளதெல்லாம் நடுத்தர வெளிச்சம் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. முழுக்க வெள்ளையான காட்சியைக் கண்டதும், வெளிச்சம் அதிகம் என்று முடிவெடுத்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. இதனால் பனி அழுக்காகவும் கரடி மண்ணிறமாகவும் தெரியும். இதைச் சரிசெய்ய, கமரா சொல்லும் அளவைவிட ஒன்று முதல் இரண்டு படி ஒளியைக் கூட்டவேண்டும். மிகையாகக் கூட்டினாலோ பனியின் நுணுக்கமெல்லாம் வெறும் வெள்ளையாக அழிந்துவிடும். அழிந்ததைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

நிறமும் ஏமாற்றும். நிழலில் உள்ள பனி, வானத்தின் நீலத்தைப் பிரதிபலிப்பதால் நீலமாகப் பதியும். கரடியின் உரோமம் உண்மையில் வெள்ளைச் சாயம் கொண்டதல்ல. ஒவ்வொரு மயிரும் நிறமற்றது, உள்ளே பொள்ளலானது. ஒளி அதில் சிதறுவதால் எமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதன் அடியிலுள்ள தோல் கறுப்பு. மாலை வெயிலில் கரடி மஞ்சளாகவும், முகில் மூடிய நாளில் வெளிறியும் தோன்றும். எனவே "கரடி வெள்ளைதானே" என்று கணினியில் நிறத்தை உறிஞ்சி எடுப்பவர், அன்றைய ஒளியையும் சேர்த்தே அகற்றிவிடுகிறார்.

குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடும். அதனால் மேலதிக பற்றரிகளை உடலோடு ஒட்டிய சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். வெளியே குளிர்ந்த கமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால், லென்ஸிலும் உள்ளுறுப்புகளிலும் நீர் படியும். காற்றுப் புகாத பையில் கட்டி, அறைச் சூட்டுக்கு மெல்லப் பழகவிட்டுப் பிறகே திறக்கவேண்டும். இவ்வளவும் இன்றைய வசதிகளோடு. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கண்ணாடித் தட்டுகளையும் பாரமான மரக் கமராவையும் சுமந்து இதே வேலையைச் செய்தவரைப் பற்றி இனிப் பார்ப்போம்.

கிளீப்பிலிருந்து அந்தாட்டிக்காவுக்கு

ஜேம்ஸ் பிரான்சிஸ் ஹேர்லி 1885 ஒக்டோபர் 15 ஆம் திகதி பிறந்தார். பதின்மூன்று வயதளவில் வீட்டைவிட்டு ஓடி, லித்கோ நகரின் இரும்பாலையில் வேலை செய்தார். பதினேழு வயதளவில் 15 சிலிங் பெறுமதியான கொடாக் பெட்டிக் கமரா ஒன்றை வாரம் ஒரு சிலிங் தவணையில் வாங்கினார். பின்னர் சிட்னியில் படத் தபாலட்டை வியாபாரத்தில் இறங்கினார். நல்ல படத்துக்காக உயிரைப் பணயம் வைப்பவர், ஓடிவரும் ரயிலுக்கு முன்னால் நின்றுகூடப் படம் எடுப்பவர் என்று இளவயதிலேயே பெயர் வாங்கினார்.

1911 ஆம் ஆண்டு டக்ளஸ் மோசன் தலைமையில் அந்தாட்டிக்கா சென்ற அவுஸ்திரேலியப் பயணக் குழுவில் படப்பிடிப்பாளராக இணைந்தார். அக்குழுவின் முகாம் அமைந்த டெனிசன் முனை, கடல்மட்டத்தில் உலகிலேயே காற்று மிகுந்த இடங்களில் ஒன்று. ஆண்டுச் சராசரிக் காற்றின் வேகமே மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாத அந்தக் காற்றில் முக்காலியை நிறுத்திப் படம் எடுத்தார். எடுத்த தட்டுகளைக் கழுவுவதற்கான நீரைப் பனிக்கட்டியை உருக்கியே பெறவேண்டியிருந்தது. 

தட்டுகளைக் காப்பாற்றிய கதை

1914 ஆம் ஆண்டு ஏர்னஸ்ட் ஷாக்கிள்டனின் என்டியூரன்ஸ் கப்பலில் ஹேர்லி சேர்ந்தார். அந்தாட்டிக்காவைக் கரைக்குக் கரை கடப்பது அவர்களது திட்டம். 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனியில் கப்பல் சிக்கிக்கொண்டது. பத்து மாதங்கள் அது பனியோடு பனியாக மிதந்தது. அந்த ஓகஸ்ட் மாதத்து இருளில், கப்பலைச் சுற்றி இருபது இடங்களில் பிளாஷ் மருந்தை வெடிக்கச் செய்து ஹேர்லி எடுத்த படம் இன்றும் உலகப் புகழ் பெற்றது. கரிய வானத்தின் முன், ஒவ்வொரு கயிறும் உறைபனி பூண்டு, கப்பல் ஓர் ஆவியைப் போல நிற்கிறது.

ஒக்டோபர் 27 ஆம் திகதி, பனியின் அழுத்தத்தில் நொறுங்கிக்கொண்டிருந்த கப்பலைக் கைவிடுமாறு ஷாக்கிள்டன் உத்தரவிட்டார். ஹேர்லியின் தட்டுகள் ஈயம் பற்றவைத்து மூடிய பெட்டிகளில் கப்பலின் உள்ளே நீருக்கு அடியில் கிடந்தன. சில நாட்கள் கழித்து அவர் திரும்பிச் சென்று, சட்டையைக் கழற்றிவிட்டு, உறைநீருக்குள் இறங்கி அவற்றை வெளியே எடுத்தார்.

அதன் பிறகு வந்தது கடினமான முடிவு. படகுகளில் ஏற்றக்கூடிய சுமைக்கு எல்லை இருந்தது. கண்ணாடித் தட்டுகளோ பாரமானவை. ஷாக்கிள்டனும் ஹேர்லியும் பனியில் அமர்ந்து ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று முடிவானதை அங்கேயே உடைத்தார்கள். மனம் மாறித் திரும்ப எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே உடைத்தார்கள். ஏறத்தாழ 400 தட்டுகள் உடைந்தன. நூற்றுச் சொச்சம் எஞ்சின. பெரிய கமராக்களும் அங்கேயே விடப்பட்டன. சட்டைப்பைக் கமரா ஒன்றும் மூன்று படச்சுருள்களும் மட்டுமே ஹேர்லியின் கையில் மிஞ்சின.

ஒரு பையுடன் ஊரைவிட்டு வெளிக்கிட்ட எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், நகை, பிள்ளையின் பால்மா என்று அடுக்கிய பிறகு, அல்பத்தைத் தூக்குவதா, அதிலிருந்து நான்கு படங்களைக் கழற்றிக்கொள்வதா என்று முடிவெடுத்த வீடுகள் எத்தனையோ. இன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் கூடத்துச் சுவரில் தொங்கும் அப்பப்பாவின் படம் பல இடங்களில் அப்படிக் கழற்றி எடுத்த ஒற்றைப் படம்தான்.

என்டியூரன்ஸ் 1915 நவம்பர் 21 ஆம் திகதி மூழ்கியது. குழுவினர் படகுகளில் எலிபன்ட் தீவை அடைந்தனர். 1916 ஏப்ரல் 24 ஆம் திகதி ஷாக்கிள்டனும் ஐவரும் ஜேம்ஸ் கெயார்ட் என்ற சிறு படகில் உதவி தேடிப் புறப்பட்டனர். ஹேர்லி உள்ளிட்ட 22 பேர் கரையில் காத்திருந்தனர். ஓகஸ்ட் 30 ஆம் திகதி சிலி நாட்டின் யெல்ச்சோ கப்பல் வந்து அனைவரையும் மீட்டது. தகரப் பெட்டித் தட்டுகளும் அவர்களோடு வந்து சேர்ந்தன.

செப்பனிடல் எங்கே எல்லை தாண்டியது

ஹேர்லி படங்களைத் திருத்தியதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அக்காலத் தட்டுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மிஞ்சி இளகுபவை. நிலத்துக்குச் சரியான ஒளியளவு வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். முகிலே இல்லாத வானமாகப் படம் வரும். எனவே முகிலைத் தனியே ஒரு தட்டில் எடுத்து, இருட்டறையில் இரண்டையும் ஒரே தாளில் அச்சிடுவார்கள். இந்தக் கூட்டு அச்சு முறை 1850களிலிருந்தே ஐரோப்பாவில் வழக்கத்தில் இருந்தது. கண்ணால் கண்ட முகிலைக் கமரா பதியாதபோது அதைத் திரும்பச் சேர்ப்பது பிழையா என்பது அன்றைய கலைஞர்களின் வாதம்.

ஆனால் ஹேர்லி அதோடு நிற்கவில்லை. டெனிசன் முனையின் பனிப்புயலைக் காட்டும் அவரது பெயர்பெற்ற படம் ஒரு கூட்டுப் படம். இன்னும் பெரிய பாய்ச்சல் எலிபன்ட் தீவில் எடுத்த படத்தில் நிகழ்ந்தது. ஜேம்ஸ் கெயார்ட் புறப்பட்ட நாளில் கரையில் நின்றவர்கள் கையசைத்து வழியனுப்பிய படம் அது. அந்த எதிர்மறையில் படகு சுரண்டித் திருத்தப்பட்டு, அதே படம் நான்கு மாதங்களுக்குப் பிறகு நடந்த மீட்பின் படமாக மக்களுக்குக் காட்டப்பட்டது. பிரிவின் படம் மீட்சியின் படமாயிற்று. கையசைத்தவர்கள் உண்மையானவர்கள், கரையும் உண்மையானது, மீட்பும் உண்மையில் நடந்தது. ஆனால் அந்தப் படம் காட்டுவதாகச் சொல்லப்பட்ட கணம் மட்டும் அதில் இல்லை.

இதேபோல் இன்னொன்றும் உண்டு. பயணத்தின் திரைப்படத்தை முழுமையாக்கப் போதிய விலங்குக் காட்சிகள் இல்லாததால், 1917 இல் ஹேர்லி தென் ஜோர்ஜியா தீவுக்குத் திரும்பிச் சென்று பென்குயின்களையும் யானைக் கடல்நாய்களையும் படம் பிடித்தார். அவை பின்னர் ஷாக்கிள்டன் பயணத்தின் படத்தோடு இணைக்கப்பட்டன.

அதே ஆண்டு ஓகஸ்டில் ஹேர்லி அவுஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளராக பெல்ஜியம் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரது வழக்கம் நேரடி மோதலுக்கு இட்டுச் சென்றது. வெடிக்கும் குண்டு, புகை, பாயும் வீரர், மேலே விமானம் ஆகிய அனைத்தும் ஒரே தட்டில் ஒருபோதும் அகப்படா என்பது அவரது வாதம். பல தட்டுகளைச் சேர்த்தால்தான் போரைக் கண்டவர் உணர்ந்ததைக் காணாதவருக்குக் காட்டலாம் என்றார். அவ்வாறு பன்னிரண்டு எதிர்மறைகளை இணைத்து ஒரு மாபெரும் போர்க்காட்சியை உருவாக்கினார்.

போரின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியரான சார்ள்ஸ் பீன் இதை ஏற்கவில்லை. போலிப் படம் என்றே சொன்னார். இறந்தவர்களின் பெற்றோரும் நாளைய வரலாற்று மாணவரும் பார்க்கப்போகும் ஆவணம் இது, இதில் நடக்காத ஒன்றைச் சேர்க்க எவருக்கும் உரிமையில்லை என்பது அவரது நிலை. ஹேர்லி பதவி விலகுவதாக அறிவித்தார். இறுதியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. கூட்டுப் படம் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, ஆறு படங்களை மட்டும் கண்காட்சிக்கு வைக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. 1918 இல் லண்டனில் நடந்த கண்காட்சியில் அவை பெருங்கூட்டத்தை ஈர்த்தன.

அந்த இணக்கத்தில் இருந்த அறிவு இன்றும் செல்லுபடியாகும். கூட்டுப் படம் செய்யலாம். ஆனால் அது கூட்டுப் படம் என்று பார்ப்பவருக்குச் சொல்லவேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஒருவர் செய்த கூட்டுப் படம் அவரது உண்மைப் படங்களின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. ஹேர்லிக்கு நேர்ந்ததும் இதுதான். அவர் 1962 இல் சிட்னியில் காலமானார். என்றாலும் அவரது ஒவ்வொரு படத்தையும் "இதில் எத்தனை தட்டு?" என்று கேட்டே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

அவரது திருத்தப்படாத படங்களுக்கோ காலமே சாட்சி சொன்னது. 2022 மார்ச் 5 ஆம் திகதி வெடல் கடலில் ஏறத்தாழ 3,000 மீற்றர் ஆழத்தில் என்டியூரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 106 ஆண்டுகள் நீரில் கிடந்தும் அதன் பின்புறத்தில் பெயரின் எழுத்துகள் வாசிக்கும்படியாக இருந்தன.

இன்றைய கரடிப் படங்கள்

பீன் எழுப்பிய அதே கேள்வி இன்று துருவக் கரடியைச் சுற்றி எழுகிறது. பருவநிலை மாற்றத்தின் அடையாளமாக அந்த விலங்கு ஆகிவிட்டதால், அதன் படத்துக்கு அரசியல் எடை வந்துவிட்டது. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

2010 மே மாதம் அமெரிக்காவின் சயன்ஸ் ஆய்விதழ், பருவநிலை அறிவியலின் நேர்மையைக் காக்கக் கோரி 255 அறிவியலாளர் ஒப்பமிட்ட கடிதத்தை வெளியிட்டது. கூடவே சிறு பனிக்கட்டியில் தனித்து நிற்கும் கரடியின் படம் ஒன்றும் வந்தது. அது படவங்கியிலிருந்து வாங்கிய ஒட்டுப் படம் என்று உடனே வெளிப்பட்டது. ஆய்விதழ் தவறை ஏற்றுப் படத்தை மாற்றியது. கடிதத்தில் இருந்த ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் எதிர்த்தரப்பினர் கடிதத்தைப் பற்றிப் பேசாமல் படத்தைப் பற்றியே பேசினார்கள்.

இரண்டாவது, 2017 இல் கனடாவின் வடபகுதியில் போல் நிக்லன் எடுத்த, பட்டினியால் மெலிந்த கரடியின் காணொளி. அதில் எந்த ஒட்டு வேலையும் இல்லை. நஷனல் ஜியோகிராஃபிக் அதை வெளியிட்டபோது, பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்ற பொருளில் வாசகம் சேர்த்தது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட கரடி நோயால் மெலிந்ததா, காயத்தாலா, முதுமையாலா என்று எவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு அந்தச் சஞ்சிகை, தாம் எல்லை மீறிச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டது. படத்தில் கைவைக்காமலே, படக்குறிப்பால் மட்டும் படத்தை மாற்றிவிடலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது நல்ல எடுத்துக்காட்டு. பிரித்தானியரான நீமா சரிகானி ஸ்வால்பார்டில் எடுத்த, சிறு பனிமலையில் தானே குடைந்த குழியில் இளங்கரடி ஒன்று உறங்கும் படம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில் மக்கள் தெரிவாக 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அந்தப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர் கமரா பதிந்த மூலக் கோப்பைக் கையளிக்கவேண்டும். நடுவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சொன்னபடியே இருந்ததால் அந்த உறக்கம் உலகெங்கும் நம்பிக்கையோடு பார்க்கப்பட்டது.

மெல்பேர்ணிலும் இதற்கு ஒத்த படம் ஒன்று உண்டு. சென் கில்டா கடற்கரையில் இரண்டு சிறு பென்குயின்கள் ஒன்றையொன்று அணைத்தபடி நகர விளக்குகளைப் பார்த்து நிற்பதை ரொபியாஸ் பவும்கார்ட்னர் என்ற ஜேர்மானியர் எடுத்தார். அங்கு மேலதிக விளக்கு பயன்படுத்த அனுமதியில்லாததால் மூன்று இரவுகள் காத்திருந்து, இருந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். அது 2020 இல் கடற்படப் போட்டி ஒன்றில் மக்கள் தெரிவு விருது பெற்றது. இரண்டும் துணையை இழந்தவை என்று அங்கிருந்த தன்னார்வலர் சொன்னதாக அவர் குறிப்பிட்டிருந்தார். பகிர்ந்தவர்கள் "தன்னார்வலர் சொன்னார்" என்பதைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள்.

எது செப்பனிடல், எது புனைவு

கமராவோடு வெளிக்கிடும் எமது பிள்ளைகளுக்கு ஒரு நடைமுறை வரம்பைச் சொல்லலாம்.

செய்யக்கூடியவை: ஒளியளவைக் கூட்டிக் குறைத்தல், நிழலின் நீலத்தைச் சரிசெய்தல், ஓரத்தை வெட்டுதல், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தல், கமராவின் உணரியில் படிந்த தூசுப் புள்ளியை அகற்றல், இருளில் வரும் மணல்மணித் தன்மையைக் குறைத்தல். இவை அங்கே இருந்த ஒளியை வெளிக்கொணர்பவை.

சொல்லிவிட்டுச் செய்யவேண்டியவை: பல படங்களை இணைத்து ஒன்றாக்கல், நிறங்களைப் பெரிதும் மாற்றுதல், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டல்.

செய்யக்கூடாதவை: விலங்கைச் சேர்த்தல், நீக்கல், இடம் மாற்றல், வானத்தை மாற்றல், கூண்டிலுள்ள விலங்கைக் காட்டில் எடுத்ததாகச் சொல்லல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இல்லாத பகுதியை நிரப்பல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கமராவில் றோ எனப்படும் மூலக் கோப்பாகவே பதிவுசெய்து, அதை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். பயிற்சிக்குத் துருவம்வரை போகத் தேவையில்லை. ஆனால் விலங்குக்கே முதலிடம். மெல்பேர்ணிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பிலிப் தீவில், மாலையில் கரையேறும் பென்குயின்களைக் காணச் செல்வோர் படம் எடுக்கவே தடை. வெளிச்சம் அவற்றின் கண்ணையும் வழியையும் குழப்பும் என்பதே காரணம். சில காட்சிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் அல்பங்களுக்கும் இதுவே விதி

மூலப் படத்தின் பெறுமதியை எமது சமூகம் கசப்பான அனுபவத்தால் அறியும். 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய காணொளியைப் போலி என்று இலங்கை அரசு மறுத்தது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நிபுணர்களைக் கொண்டு அதை ஆராயச் செய்து, உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆராய ஒரு கோப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. உணர்ச்சி மேலீட்டில் வேறு நாட்டுப் படத்தை எங்கள் ஊர்ப் படம் என்று பகிர்பவரும், இரத்தத்தின் சிவப்பைக் கூட்டுபவரும், உண்மையான சாட்சிகளை மறுக்க விரும்புபவருக்கே உதவுகிறார்கள். சயன்ஸ் ஆய்விதழின் கரடிக்கு நடந்தது எமக்கும் நடக்கும்.

அடுத்தது வீட்டுப் படங்கள். கறையும் கிழிசலுமான பழைய படத்தைச் செயலி ஒன்றில் போட்டால், சில வினாடிகளில் வண்ணமும் தெளிவும் பெற்று வருகிறது. பார்த்ததும் கண் கலங்குகிறது. ஆனால் மங்கிப்போன முகத்தில் அந்தச் செயலி போடும் கண்ணும் பல்லும் எங்கள் அம்மம்மாவுடையவை அல்ல. ஆயிரமாயிரம் அந்நிய முகங்களிலிருந்து கணித்தவை. அம்மம்மாவை நேரில் காணாத பேரப்பிள்ளைக்கு அதுவே அவரது முகமாகிவிடும். மூலப் படத்தை எறிந்துவிட்டால், திருத்தச் சொல்லவும் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே சில எளிய காரியங்களைச் செய்யலாம். முதலில் படத்தை உள்ளபடியே, கறையோடும் கிழிசலோடும் உயர்ந்த தரத்தில் ஸ்கான் செய்யுங்கள். பின்புறத்தில் எழுத்தோ ஸ்ரூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கான் செய்யுங்கள். எடுத்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, இடமிருந்து வலமாக யார் யார் என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நிச்சயமில்லாததை "பெரியம்மா சொன்னது" என்று, சொன்னவர் பெயரோடு குறியுங்கள். செப்பனிட்ட பிரதியை வேறு பெயரில் சேமித்து, "வண்ணம் பின்னர் சேர்க்கப்பட்டது" என்று எழுதிவையுங்கள். ஒரு பிரதியை வேறு நாட்டில் உள்ள உறவினரிடமும் கொடுத்துவையுங்கள்.

ஹேர்லியின் அந்தாட்டிக்காப் படங்களில் பலவற்றை, என்டியூரன்ஸ் பயணத்தின் வண்ணத் தட்டுகள் உட்பட, சிட்னி மக்வாரி வீதியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் பாதுகாத்து வருகிறது. நூலகத்தின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். அவரது போர்ப் படங்கள் கன்பராவின் போர் நினைவகத்தில் உள்ளன. கூட்டுப் படங்களின் கீழே அவை கூட்டுப் படங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு சென்று, படத்தை மட்டுமன்றி அந்தக் குறிப்புகளையும் வாசித்துப் பாருங்கள்.